பொன்னியின் செல்வன்: முதலில் புத்தகமா, படமா?

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் நாவல் மேல் எனக்குப் பைத்தியம் என்று தெரிந்தவர்கள் எல்லாரும், மணிரத்னத்தின் படம் வந்த 2022க்குப் பிறகு என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "படிச்சிட்டுப் படம் பார்க்கட்டுமா, பார்த்துட்டுப் படிக்கட்டுமா?" இன்னும் சிலர் தயங்கித் தயங்கி, "ஐந்து பாகம் என்னால முடியும்னு தோணலை, படம் மட்டும் பார்த்தா போதுமா?" என்பார்கள். கூட வேலை செய்பவர், பக்கத்து வீட்டு மாமி, என் அண்ணன் மகள் வரை கேட்டாயிற்று.

ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை. "புத்தகம்தான் முதலில்" என்று அடித்துச் சொன்னதில் இரண்டு பேர் முதல் பாகத்தில் அறுபது பக்கம் தாண்டாமல் மூடி வைத்துவிட்டார்கள். படமும் பார்க்கவில்லை. கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். கதையின் பெரிய முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவது மட்டும் வரலாறு, அதை மறைத்துப் பேச முடியாது.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் நேரம். நாவலில் ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்தாலும் ஐந்து மாதம் ஆகும். படம் இரண்டு பாகமும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

அடுத்தது மர்மம். இந்தக் கதை ஓடுவதே ரகசியங்களில்தான். பல்லக்கில் யார், ஊமைராணி யார், நந்தினி யார் பெற்ற பெண், கரிகாலனைக் கொன்றது யார். இவற்றில் எதை எங்கே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பது பெரிய விஷயம்.

மூன்றாவது, முகங்கள். இளவரசி குந்தவையை நீங்களே மனதில் வரைந்துகொள்ள வேண்டுமா, திரிஷாவின் முகத்தோடு படிக்கச் சம்மதமா? பலர் இதை யோசிப்பதே இல்லை. பிறகு வருத்தப்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

நான்காவது, சோழ நாடு. ஆறு, ஏரி, வாய்க்கால், கோடிக்கரைக் காடு, ஈழத்துப் பாதைகள் என்று மண்ணோடு வாழும் கதை இது. அந்த மண் எதில் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, தனியாகவா, வீட்டாரோடா என்பது. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தாத்தா, பாட்டி, பேரன் மூவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய கதைகள் நமக்கு எத்தனை இருக்கின்றன?

| எதைப் பார்க்கிறோம் | நாவல் | படம் |
|---|---|---|
| நேரம் | மாதக்கணக்கு | ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் |
| பணம் | இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் பதிப்புகள் பல விலைகளில் | ஓடிடி சந்தா |
| மர்மம் | மெல்ல அவிழும், கடைசிப் பாகம் வரை மிச்சமிருக்கும் | வேகமாக அவிழும், சில முடிச்சுகள் இல்லவே இல்லை |
| முகங்கள் | உங்களுடையவை (அல்லது தொடருக்குப் படம் வரைந்த ஓவியர் மணியத்துடையவை) | நடிகர்களுடையவை, அழிவதில்லை |
| சோழ நாட்டு மண் | ஒவ்வொரு பக்கத்திலும் | போரிலும் கடலிலும் பிரமாதம், வயலிலும் வாய்க்காலிலும் குறைவு |
| வந்தியத்தேவன் (கதையை நடத்திச் செல்லும் வாலிபன்) | முழு ஆள் | நல்ல ஆள், ஆனால் பாதி |
| கரிகாலன், நந்தினி | பெரும்பாலும் பேச்சின் வழியாக | கண்ணெதிரே, நெஞ்சை அடைக்கிறது |

## நாவல் முதலில்

கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டு ஓடிய தொடர் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி புகார்கள் மறைந்துவிடும். வாரம் ஒருமுறை வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்ததால் அத்தியாயம் முடியும் இடமெல்லாம் ஒரு கொக்கி இருக்கும். போன வாரம் படிக்காதவருக்காகக் கதையை மறுபடி ஞாபகப்படுத்துவதும் அதனால்தான்.

படம் ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் ஆரம்பிக்கிறது. கமல்ஹாசனின் குரல், குதிரைகள், புழுதி, ரத்தம். நாவலின் தொடக்கம் இதற்கு நேர் எதிர். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் என்ற வாலிபன் குதிரை மேல் தனியாகப் போகிறான். குதிரையும் களைத்திருக்கிறது, அவனும் களைத்திருக்கிறான். ஆனால் அவசரப்படவில்லை. ஏரியிலிருந்து தண்ணீர் பாயும் எழுபத்து நான்கு கணவாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதை எண்ணிக்கொண்டே போகிறான். கரையில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து கமுகு மட்டையில் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் சாப்பிடுகிறார்கள். கதை இன்னும் தொடங்கவேயில்லை. ஆனால் அந்தக் கரையை விட்டு எழுந்து போக நமக்கு மனசு வராது. இன்று சென்னைக்குக் குடிநீர் தருகிற வீராணம் ஏரிதான் அது. அதை அறிந்து படிக்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

நாவலில் இருந்து படத்துக்கு வராத பலவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு முதலை. வந்தியத்தேவன் அரிசிலாற்றங்கரை ஓரமாகப் போகும்போது பெண்கள் கூச்சலிடும் சத்தம் கேட்கிறது. பாய்ந்து போய்ப் பார்த்தால் கரையில் ஒரு முதலை, பக்கத்தில் பெண்கள். நம் வீரன் யோசிக்கவே இல்லை, வேலை எறிந்துவிடுகிறான். வேல் முதலையின் முதுகில் தைத்து நிற்கிறது. முதலை அசையவில்லை. பெண்கள் சிரிக்கிறார்கள். கிட்டப் போய் வேலைப் பிடுங்கினால் ரத்தம் வரவில்லை. செத்த முதலையின் தோலுக்குள் அடைத்து வைத்தது பிதுங்கிக்கொண்டு வருகிறது. தன் தோழி வானதியின் தைரியத்தைச் சோதிக்க இளவரசி செய்த ஏற்பாடு அது. நூறு போர்க்களக் கனவோடு வந்தவன் பஞ்சு முதலையைக் கொன்றுவிட்டு அத்தனை பெண்கள் முன்னால் நிற்கிறான். அவன் எதிரில் நிற்பவள் குந்தவை. அவன் எப்படிப்பட்டவன் என்பது அந்த ஒரு காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது: யோசிக்காமல் குதிப்பான், அவமானப்பட்டாலும் முறுவலோடு சமாளிப்பான், பிறருக்காகக் குதித்தான் என்பதால் நமக்கு அவன் மேல் கோபமும் வராது. கார்த்தி அந்தக் குறும்பை நன்றாகவே பிடித்திருக்கிறார். ஆனால் இப்படி அசடு வழிவதற்குப் படம் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

பூங்குழலியும் அப்படித்தான். படத்தில் அவளுக்குக் கிடைப்பது சில நிமிடங்களும் ஒரு நல்ல பாட்டும். நாவலில் அவள் கோடிக்கரையின் ராணி. "அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்" என்று பாடிக்கொண்டு படகில் வருவாள். புதைசேறு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், வந்தியத்தேவனுக்குத் தெரியாது. நள்ளிரவில் சதுப்பு நிலத்தில் குப் குப்பென்று எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்பாள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விளக்கை அணைக்கப் பயந்து படுத்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறனின் தங்கை. ஐந்தரை மணி நேரத்தில் எல்லாரையும் அடைக்க முடியாது, புரிகிறது. இருந்தாலும் நாவலின் கடைசி அத்தியாயம் அவளுடையது. இவ்வளவு அரசர்கள், சதிகாரர்கள், யானைகள், கப்பல்கள் எல்லாம் போன பிறகு, கல்கி கடைசியாகத் திரும்பிப் பார்ப்பது அவளை. ஐந்து பாகம் படித்து முடித்தவர்கள் அழுதது பெரும்பாலும் அங்கேதான்.

இதில் சொல்லப்படாத செலவுகளும் இருக்கின்றன. தலைப்பின் நாயகனான அருள்மொழிவர்மர் (பின்னாளில் இராசராசன்) நடப்புக் கதையில் முகம் காட்டுவது இரண்டாம் பாகத்தில், ஈழத்தில். அதுவரை அவரைப் பற்றிப் பேச்சுதான். தொடக்கத்தில் வைணவரான ஆழ்வார்க்கடியான் சைவரோடு போடும் சமயச் சண்டை சிலருக்கு அலுப்பூட்டும். எனக்கு அலுக்காது, ஆனால் அலுத்தவர்களைத் தெரியும். யாராவது மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்பது கொஞ்சம் அதிகம். ஐந்தாம் பாகம் தியாகச் சிகரம் மட்டுமே 91 அத்தியாயம், நடுவில் மூச்சு வாங்கும்.

பதிப்பு வாங்குவதிலும் கவனம் வேண்டும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாக மலிவு விலையில் போட்டதை நான் ஒருமுறை வாங்கினேன். எழுத்து எறும்பு மாதிரி, புத்தகம் அம்மிக்கல் மாதிரி. படுத்துக்கொண்டு படிக்க முடியவில்லை, போதாததற்கு ஒரு பாகத்தில் பதினாறு பக்கம் தலைகீழாக பைண்டு ஆகியிருந்தது. கடையிலேயே நாலு இடத்தில் புரட்டிப் பார்த்து, தனித்தனிப் பாகங்களாக வாங்குங்கள். மணியத்தின் ஓவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பரவாயில்லை. முதலில் ருசி பார்க்க வேண்டும் என்றால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது.

யாருக்கு இது நல்லது? தமிழ் சரளமாகப் படிப்பவர், தொடர்கதை ருசி தெரிந்தவர், முடிவை யாராவது சொல்லிவிட்டால் எரிச்சலடைபவர், ஒரு உலகத்துக்குள் மாதக்கணக்கில் குடியிருக்க ஆசைப்படுபவர். இவர்கள் படத்தைத் தள்ளிப் போடலாம், அது எங்கும் ஓடிவிடாது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: முதல் பாகத்தில் பதினான்காவது அத்தியாயம், அந்த முதலை வரும்வரை போங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிட்டுப் படத்துக்குப் போகலாம்.

## படம் முதலில்

இதைச் சொன்னால் பழைய வாசகர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் படம் முதலில் பார்ப்பது சிலருக்குச் சரியான வழி என்றே இப்போது நினைக்கிறேன்.

முதல் காரணம், பெயர்கள். பெரிய பழுவேட்டரையர், சின்ன பழுவேட்டரையர், சுந்தர சோழர், கண்டராதித்தர், செம்பியன் மாதேவி, மதுராந்தகர், மலையமான், பார்த்திபேந்திரன், கொடும்பாளூர் வேளார். யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்தக் கட்சி என்று பிடிபடாமல் புத்தகத்தை விட்டவர்கள் நிறைய. சரத்குமாரையும் பார்த்திபனையும் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால் பழுவேட்டரையர் அண்ணன் தம்பி யார் யார் என்ற குழப்பமே வராது.

இரண்டாவது, கரிகாலனும் நந்தினியும். இங்கே படம் நாவலைத் தாண்டிவிட்டது என்று நான் மனமாரச் சொல்வேன். நாவலில் கரிகாலன் தன் காதலை மாமல்லபுரத்தில் பார்த்திபேந்திரனிடம் வாயால் சொல்லித்தான் நமக்குத் தெரியும். கல்கிக்கு அது போதும், ஏனென்றால் அவருடைய கண் வந்தியத்தேவன் மேலேயே இருக்கிறது. மணிரத்னம் இரண்டாம் பாகத்தைச் சிறுவயது நந்தினியிலும் சிறுவயது கரிகாலனிலும் தொடங்குகிறார். அந்தப் பெண்ணை விரட்டியடித்தது நம் மனதில் தங்கிவிடுகிறது. பிறகு கடம்பூரில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் நிற்கும்போது, அத்தனை வருஷத்துக் காயமும் அந்த அறையில் இருக்கிறது. விளக்கு வெளிச்சம், நிழல், இரண்டு முகங்கள். நாவலில் இதே இடத்தில் கல்கி விளக்கை அணைத்துவிட்டு, யார் கொன்றது என்ற கேள்வியை இருட்டில் விடுகிறார். அது துப்பறியும் கதையின் சுவை. படம் அதைக் காதல் கதையின் முடிவாக மாற்றிவிடுகிறது. நாவலை ஏழெட்டு முறை படித்தவள் நான், என்ன நடக்கும் என்று தெரியும். அப்படியும் தியேட்டரில் என் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடலும் அப்படி. நடுக்கடலில் புயல், பாய்மரம், தீ, சண்டை, இதெல்லாம் பெரிய திரையில் பார்க்க வேண்டியவை. முதல் பாகத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் உட்பட நான்கு தேசிய விருதுகள் கிடைத்தன. அவற்றில் ரவிவர்மனின் ஒளிப்பதிவுக்கும் ஏ.ஆர். ரகுமானின் பின்னணி இசைக்கும் கிடைத்தவை கொஞ்சமும் மிகையில்லை.

மறைந்திருக்கும் செலவுகள். முகங்கள்தான் பெரிய செலவு. நந்தினியை ஐஸ்வர்யா ராயாகப் பார்த்தபின், அந்த முகத்தை அழித்துவிட்டு வேறு முகம் வரைய உங்களால் முடியாது. இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தலைமுறையும் எனக்கு முந்தைய தலைமுறையும் சுத்தமான கற்பனையில் படித்தோம் என்று சொல்ல முடியாது. எங்கள் குந்தவைக்கு மணியம் கொடுத்த கொண்டையும் கண்ணும் இருந்தன. என் சித்தப்பா கல்கி இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்ததில்தான் நான் முதலில் படித்தேன். ஆனால் ஓவியம் அசையாது, பேசாது. அந்த முகத்துக்குக் குரலும் நடையும் கோபமும் நாமே கொடுத்தோம். சினிமா முகம் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

அடுத்த செலவு, வேகத்துக்குப் பழகிவிடுவது. படத்தில் வந்தியத்தேவன் கடம்பூர், தஞ்சை, பழையாறை, ஈழம் என்று சுற்றி வர எத்தனை நிமிடம்? அதே பயணம் நாவலில் நூறு அத்தியாயத்துக்கு மேல். படம் பார்த்துவிட்டு வருபவர்கள் "இதுதான் தெரியுமே" என்று பக்கங்களைத் தாண்டுகிறார்கள். தாண்டிய பக்கத்தில்தான் முதலை இருக்கும்.

அப்புறம் சோழ நாடு. ஓர்ச்சா, மகேஷ்வர் என்று மத்தியப் பிரதேசத்துக் கோட்டைகளில் எடுத்த காட்சிகள் பார்க்க அழகு. ஆனால் அந்த மாடங்களும் வளைவுகளும் காவிரிக் கரையில் நிற்கவில்லை. படக்குழுவை இதற்காக ரொம்பவும் குறை சொல்ல மாட்டேன். சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை, கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். யாராக இருந்தாலும் கற்பனைதான் செய்ய வேண்டும். எனக்குக் குறை வயல்களில்தான். நாவலில் தண்ணீர் ஓடாத பக்கமே கிடையாது. படத்தில் பொன்னி நதி ஒரு பாடலில் வருகிறாள், பிறகு அரண்மனைக்குள் போய்விடுகிறோம்.

ஆனால் எல்லாரும் பயப்படும் ஒரு செலவு உண்மையில் இல்லை. "படம் பார்த்துட்டா கதை தெரிஞ்சிடுமே, அப்புறம் படிச்சு என்ன?" என்பார்கள். முழுக்கத் தெரியாது. நாவலும் படமும் ஒரே துறையில் கரை ஏறுவதில்லை. நாவலின் ஆகப் பெரிய ரகசியம் ஒன்றைப் படம் தொடவே இல்லை, அப்படியே விட்டுவிட்டது. படத்தில் ஓரிரு இடத்தில் வந்து போகும் ஒருவருக்கு நாவலில் இருக்கும் இடமே வேறு. யார் என்று சொல்ல மாட்டேன். படம் பார்த்தவர்களுக்காக கல்கி எழுபது வருஷத்துக்கு முன்பே ஒரு பரிசை ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறது.

யாருக்கு இது நல்லது? முன்பு படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள், பெயர் குழப்பம் உள்ளவர்கள், குடும்பத்தோடு ரசிக்க நினைப்பவர்கள், தமிழ் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள். இவர்களுக்கு ஒரு யோசனை: இரண்டு பாகமும் பார்த்துவிட்டு உடனே புத்தகத்தை எடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் போகட்டும். காட்சிகள் கொஞ்சம் மங்கிய பிறகு படித்தால் கல்கியின் குரல் காதில் விழும்.

## முதல் படம், பிறகு நாவல், பிறகு இரண்டாம் படம்

இப்படி நடுவழி போனவர்களும் இருக்கிறார்கள். முதல் படம் 2022 செப்டம்பர் 30, இரண்டாவது 2023 ஏப்ரல் 28. நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் நாவலைப் படித்து முடித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இப்போதும் அதைச் செய்யலாம், ஆனால் இரண்டாம் படத்தைப் பார்க்காமல் இருக்க மன உறுதி வேண்டும். இரண்டாம் படம் நாவலை விட்டு அதிகம் விலகுவது. அதனால் இந்த வழியில் வருபவர்களுக்கு ஏமாற்றமும் அதிகம் இருக்கும், ஆச்சரியமும் அதிகம் இருக்கும்.

## படம் மட்டும் போதுமா?

போதும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்: நேரமே இல்லாதவர், வாசிப்புப் பழக்கம் இல்லாதவர், கண் பார்வை குறைந்தவர் படத்தை மட்டும் பார்த்தால் ஒரு நல்ல படத்தைப் பார்த்தவர்கள் ஆவார்கள். அது குறையே இல்லை. ஆனால் "பொன்னியின் செல்வன் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்தது கரிகாலனும் நந்தினியும். நாவல் வந்தியத்தேவனுடையது.

## சுருக்கப் பதிப்பும் ஒலிநூலும்

சுருக்கப் பதிப்பு வேண்டாம். எந்த வாசகருக்கும் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சுருக்குகிறவர்கள் கதையை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவார்கள். ஏரிக்கரைச் சோறும் பஞ்சு முதலையும்தான் முதலில் போகும். கதை மட்டும் வேண்டுமென்றால் படம் அதை இன்னும் அழகாகச் சொல்கிறது.

ஒலிநூல் அப்படி இல்லை. தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் படிக்க நேரமாகும் என்பவர்களுக்கு, குறிப்பாக வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அது ரொம்ப நல்ல வழி. கல்கி "நேயர்களே" என்று கூப்பிட்டுக் கதை சொல்கிறவர். அவர் எழுத்து வாய்விட்டுப் படிக்கத் தோதானது. சமையல் செய்துகொண்டே, பேருந்தில் உட்கார்ந்துகொண்டே ஐந்து பாகத்தையும் கேட்டு முடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். கேட்கும் முன் குரலை மட்டும் ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். எல்லாப் பாத்திரத்துக்கும் நாடகக் குரல் கொடுத்துக் கத்துபவர்கள் இருக்கிறார்கள், அது பத்தாவது அத்தியாயத்தில் தலைவலி கொடுக்கும்.

## வரலாறு தெரிந்துகொள்ளத்தான் என்றால்

"சோழர் வரலாறு தெரியணும், எது சரியானது?" என்று கேட்பவர்களிடம் நான் இரண்டையும் நீட்ட மாட்டேன். இரண்டுமே புனைவு. நந்தினி கல்கியின் கற்பனை. பூங்குழலி, மணிமேகலை, ஆழ்வார்க்கடியான் எல்லாரும் அப்படியே.

கல்வெட்டும் செப்பேடும் சொல்வது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமே உடம்பைச் சிலிர்க்க வைக்கும். உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், இராசராசன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்கள் உறவினர் வரைக்கும் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைப் பதிந்திருக்கிறது. அந்த உடையார்குடி எங்கே இருக்கிறது தெரியுமா? காட்டுமன்னார்கோயிலில், வீராணம் ஏரிக்குப் பக்கத்தில். வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரை மேல் போகும் அதே வட்டாரம். கொலைக்குச் சாட்சி சொல்லும் கல் இருக்கிற ஊரிலேயே கல்கி கதையைத் தொடங்குகிறார். நாவலை மூன்றாம் முறை படித்து, பிறகு அந்தக் கோயிலுக்குப் போய் நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது.

இன்னொன்று திருவாலங்காட்டுச் செப்பேடு. மக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரியணையை மனதாலும் விரும்பவில்லை என்கிறது. உத்தம சோழர் ஆண்ட பிறகு, 985ல்தான் இராசராசன் அரசனானார். நாவல், படம் இரண்டின் முடிவும் இந்த ஒரு செய்தியில் நிற்பவைதான். அதில் படம் வரலாற்றின் நேர்க்கோட்டோடு போகிறது, கல்கி தன் ரகசியத்தை அதன் மேல் கட்டியிருக்கிறார். வரலாற்றுக்கு நெருக்கம் எது என்று அடித்துக் கேட்டால், முடிவைப் பொறுத்தவரை படம் என்றுதான் சொல்வேன். கதையாக எது பெரிது என்றால் கல்கி.

## சரி, நான் என்ன சொல்வேன்?

தமிழ் படிப்பீர்கள், ஐந்து மாதம் தர முடியும் என்றால் நாவல் முதலில். யோசிக்கவே வேண்டாம். ஒருமுறை பாதியில் விட்டவர் என்றால் படம், இடைவெளி, பிறகு நாவல். படிக்க வராது, கேட்க வரும் என்றால் ஒலிநூல், பிறகு படம். பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் கூச்சப்படாமல் படம். அவர்கள் 1950களின் கதையை நினைவுபடுத்தி "இப்படி இல்லையே" என்று நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

என் அண்ணன் மகள் படம் பார்த்துவிட்டுத்தான் படிக்க ஆரம்பித்தாள். நான் புத்தகம் முதலில் என்று சொன்ன அன்றே அவள் சிநேகிதிகளோடு டிக்கெட் எடுத்திருந்தாள். மாதக்கணக்காகத் தொடாமல் வைத்திருந்து, போன கோடையில்தான் முதல் பாகத்தைத் திறந்தாள். நந்தினி அவளுக்கு ஐஸ்வர்யா ராய்தான், அதை மாற்ற முடியவில்லை என்கிறாள். ஆனால் முதலைக் காட்சி வந்த இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்து, சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல் வைத்துவிட்டாள். இப்போது நான்காம் பாகம், மணிமகுடத்தில் இருக்கிறாள். நேற்று ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: "அத்தை, படத்துல சும்மா வந்துட்டுப் போன ஒரு ஆளைப் பத்தி கல்கி ஏன் இவ்வளவு அக்கறையா எழுதிக்கிட்டே இருக்கார்?"

யாரைச் சொல்கிறாய் என்றுகூட நான் கேட்கவில்லை. "படி" என்று மட்டும் பதில் போட்டேன்.